தண்ணீர்த் திரையும் உண்மைத் தோற்றமும்

மதுரை மாநகரின் தென்கோடியில், தை முதல் நாள் நடைபெறும் ஏறுதழுவலால் நாடறிந்த ஊர் அவனியாபுரம். இன்று மாநகராட்சியோடு இணைந்துவிட்ட அவ்வூரின் ஓரங்களில் இன்னும் சில தோட்டக் கிணறுகள் எஞ்சியிருக்கின்றன. சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்த பின்னர் ஒரு நாள், நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் அஸருக்குப் பின் கைப்பேசியும் கையுமாக நம்மைத் தேடி வந்தார். அவருடைய தந்தையாரின் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது; ஆனால் தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடியிலுள்ள ஃபுட்வால்வைப் பாசி அடைத்துக்கொண்டதா, அன்றித் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதா என்பது தெரியவேண்டும். பாசியாயின் ஒருவர் மூழ்கிச் சுரண்டிவிடலாம். துருவாயின் குழாய் முழுவதையும் ஆள் வைத்து மேலே தூக்கவேண்டும். அதற்குச் செலவு மிகுதி.

பிள்ளை என்ன செய்தார்? கைப்பேசியை நீர் புகாத உறையொன்றில் இட்டு, கயிற்றில் கட்டி, படம் ஓடவிட்டுக் கிணற்றுக்குள் இறக்கினார். வந்த படத்தில் எல்லாம் ஒரே பச்சை. நடுவே கரிய உருண்டை ஒன்று. அதைக் கண்ட தந்தையார், "பாசிதான்" என்றார். பிறகு பிள்ளை கைப்பேசியிலுள்ள செயலி ஒன்றின் துணையால் படத்திற்கு நிறம் ஏற்றினார். உடனே அவ்வுருண்டை செக்கச்செவேலென்று மாறிற்று. அதைக் கண்ட தந்தையார், "துருதான், குழாயைத் தூக்கவேண்டியதுதான்" என்றார்.

"ஹஜ்ரத், ரெண்டு படமும் ஒரே படம்தான். அத்தா ரெண்டு விதமா சொல்றாங்க. இதுல எது உண்மை?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை.

நமக்கு விடை தெரியவில்லை. அரபி இலக்கணமும் ஃபிக்ஹும் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். நீருக்குள் ஒளி செல்லும் முறையைப் பற்றி உலகின் முதல் பெருநூல் அரபியில் எழுதப்பட்டது என்று மேடைகளில் பெருமையோடு பேசியும் இருக்கிறோம். ஆனால் அந்நூல் கூறுவது யாது என்று ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. அன்றிரவு நாம் வெட்கத்தோடு தேடத் தொடங்கினோம். தேடிக் கண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளி வளையும் வழி

பாத்திரமொன்றின் அடியில் ஒரு நாணயத்தை வைத்து, அதன் விளிம்பு நாணயத்தை மறைக்கும் அளவிற்குப் பின்னே நகர்ந்து நில்லுங்கள். மற்றொருவர் மெல்லத் தண்ணீர் ஊற்றட்டும். மறைந்திருந்த நாணயம் எழுந்து வந்தாற்போல் கண்ணுக்குத் தெரியும். இச்சோதனை கிரேக்கர் காலத்திலேயே அறியப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி எத்தனை பாகை வளைகிறது என்று அளந்து அட்டவணையே எழுதினார். அவருடைய ஒளிநூலின் கிரேக்க மூலம் அழிந்துபோயிற்று. அரபி மொழிபெயர்ப்பிலிருந்து இலத்தீனில் பெயர்க்கப்பட்ட படிதான் இன்று எஞ்சியுள்ளது.

அட்டவணை இருந்தது, விதி இல்லை. கி.பி. 984 அளவில் பக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல் என்னும் கணித அறிஞர், எரிக்கும் கண்ணாடிகளைப் பற்றி எழுதிய நூலில் அவ்விதியை வடிவகணித முறையில் பயன்படுத்தியிருக்கிறார். ஐரோப்பாவில் 1621 அளவில் ஸ்நெல் கண்டதாகப் பாடநூல்கள் கூறும் விதி அதுவே. சிதறிக் கிடந்த அவ்வேடுகளை ருஷ்தீ ராஷித் என்னும் ஆய்வாளர் இணைத்து 1990 இல் உலகிற்கு எடுத்துரைத்தார்.

அவருக்குப் பின் வந்தவரே பஸராவில் ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் அபூ அலீ அல்-ஹசன் இப்னுல் ஹைத்தம். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஒளி இயலின் மூலநூல் எனப் போற்றப்படுகிறது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் காண்கிறோம் என்று முன்னோரிற் பலர் எண்ணியிருந்தனர். அன்று, பொருளிலிருந்து புறப்படும் ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காண்கிறோம் என்று இவர் நிறுவினார். ஒளி திரும்புதலுக்கு 'இன்இகாஸ்' என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் புகும்போது வளைதலுக்கு 'இன்இதாஃப்' என்றும் அவர் வழங்கிய சொற்களை நம் மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். ஏழாம் பாகம் முழுவதும் இன்இதாஃப் பற்றியதே. பாகைகள் குறிக்கப்பட்ட வட்டமான உலோகக் கருவியொன்றை நீரில் அமிழ்த்தி, துளை வழியே சூரிய ஒளியைச் செலுத்தி, அது வளைவதை அவர் அளந்தார்.

ஒரு பெரிய உண்மை இங்கு வெளியாகிறது. பொருளுக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அவ்வழியில் குறுக்கிடும் ஒவ்வொன்றும் செய்தியை மாற்றுகிறது. என்ன மாற்றிற்று என்று அளந்து அறிந்தவனே காட்சியை நம்பலாம். தாலமியையே ஐயுற்று இப்னுல் ஹைத்தம் தனிநூல் ஒன்று எழுதினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பெரியோர் சொல்லாயினும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பது அவருடைய துணிபு.

நிற்க. இந்நூலைப் பற்றிய மற்றொரு செய்தி நம் உள்ளத்தைத் தைத்தது. இப்னுல் ஹைத்தமுக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஈரானில் வாழ்ந்த கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி என்னும் மாணவர், ஒளி வளைதலைப் பற்றித் தம் ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸியிடம் வினவினார். ஆசிரியர் மழுப்பவில்லை. இளமையில் ஒரு நூலகத்தில் இப்னுல் ஹைத்தமின் நூலைக் கண்ட நினைவு அவருக்கு வந்தது. தூர நாட்டிலிருந்து அதனை வரவழைத்து மாணவரின் கையில் கொடுத்தார். அம்மாணவர் அதற்கு 'தன்கீஹுல் மனாழிர்' என்னும் விரிவுரை எழுதியதோடு, நீர் நிரம்பிய கண்ணாடி உருண்டையைக் கொண்டு வானவில் தோன்றும் காரணத்தையும் விளக்கினார். விடை தெரியாத ஆசிரியர் செய்யவேண்டுவது யாதென்று அப்பெரியார் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்.

முத்துக் குளித்தவர் கண்

நீருக்குள் கண் திறந்தால் யாவும் மங்கலாகத் தெரிவது ஏன்? நம் கண்ணின் முன்புறத்துக் கருவிழிப் படலமே ஒளியை வளைத்துக் குவிக்கும் பணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்கிறது. காற்றிலிருந்து வரும் ஒளியை அது நன்கு வளைக்கும். நீரிலிருந்து வரும் ஒளியையோ, அப்படலமும் நீரை ஒத்ததாகையால், வளைக்க இயலாது. கண்ணுக்கு முன்னே கண்ணாடிக்குப்பின் சிறிது காற்றை நிறுத்தினால் பார்வை தெளிவடையும். ஆனால் பொருள்கள் கால்பங்கு நெருங்கி வந்தாற்போலவும், மூன்றிலொரு பங்கு பெருத்தாற்போலவும் தோன்றும். நான்கு அடி ஆழமுள்ள ஹவுள் மேலிருந்து நோக்குவார்க்கு மூன்றடியாகத் தெரிவதும் இதனாலேதான்.

நம் சமுதாயத்திற்கு இதில் நெருங்கிய தொடர்புண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் பரதவப் பெருமக்களும் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் தலைமுறை தலைமுறையாகக் குளித்தவர்கள். கல்லைக் காலில் பிணைத்து, மூச்சடக்கி, ஒரு நிமிட அளவிற்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு எழுவார்கள். மதுரைக்கும் வந்து சென்ற பயணி இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவில் முத்துக் குளிப்பவர்கள் ஆமையோட்டினால் செய்த முகமூடியும் மூக்குப் பிடியும் அணிவதை எழுதி வைத்திருக்கிறார். நம் கடற்கரையாரோ வெறுங்கண்ணோடே குளித்தனர். பழக்கத்தால் கண்ணும் கற்றுக்கொள்ளும் என்பதற்குச் சான்றுண்டு. தாய்லாந்து, பர்மா கரையோரங்களில் வாழும் மோக்கன் கடலோடிகளின் குழந்தைகள் கருமணியை மிகச் சுருக்கி, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்கு நுட்பமாக நீருக்குள் காண்கின்றனர் என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்டனர்.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசியான முத்துக் குளிப்புத் தொடர். அத்தொழிலோடு, எந்தப் பார் எந்நிறம், எங்கே சிப்பி செழித்தது, எங்கே மணல் மூடிற்று என்று அக்கண்கள் கண்டறிந்த அறிவும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதைப் படமாகப் பதித்து வைத்தார் ஒருவருமில்லை.

கடலின் நிறம்

வளைதல் நீரின் முதற் செயல். நிறத்தை மாற்றுதல் இரண்டாவது. அதைப் புரியவைத்ததில் தமிழ்நாட்டு மண்ணுக்குப் பங்குண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888 இல் பிறந்த சர் சி. வி. ராமன், 1921 இல் இங்கிலாந்து சென்று நர்குண்டா கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்பது ராலே பிரபுவின் கருத்து. ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மாறாக இன்னும் பொலிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று 1922 இல் அவர் எழுதினார். அவ்வாராய்ச்சி வளர்ந்தே 1928 இல் ராமன் விளைவாக முடிந்தது. அதில் அவருக்கு உறுதுணையாய் நின்ற கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்து நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர்.

நீர் சிவப்பொளியை வேகமாக விழுங்குகிறது என்பதும் நீலத்திற்குரிய பெருங்காரணமாகும். தெளிந்த நீரில் சிவப்பு ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது எனலாம். நூறு பங்கு சிவப்பு இரண்டு மீட்டரில் ஐம்பதாகும். நான்கு மீட்டரில் இருபத்தைந்தாகும். ஆறு மீட்டரில் பன்னிரண்டரை. ஆழம் மட்டுமன்றி, பொருளிலிருந்து காமிரா வரையுள்ள தொலைவும் இக்கணக்கில் சேரும். கிணற்று நீரிலோ பாசியும், இலைதழை அழுகிக் கரைந்த பொருள்களும் நீலத்தையும் உண்டுவிடுகின்றன. எனவே எஞ்சுவது பச்சை. சிவந்த துருவும் கரும்பாசியும் அங்கே ஒரே கருநிறமாகத் தோன்றியதன் காரணம் இதுவே.

மூன்றாவது செயலும் ஒன்றுண்டு. நீரில் மிதக்கும் நுண்துகள்கள், பொருளைத் தொடாத ஒளியையும் சிதறடித்துக் காமிராவுக்குள் அனுப்புகின்றன. மார்கழிப் பனியில் லாரியின் முன்விளக்கை முழுதாக எரியவிட்டால் சாலை தெரியாமல் வெள்ளைச் சுவர் தெரிவதில்லையா? அதுபோன்றதே இத்திரை. ஆக, நீர் ஒன்றை வளைக்கிறது; ஒன்றைக் குறைக்கிறது; இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது.

காமிரா கடலுள் இறங்கியது

இங்கிலாந்தில் வெய்மத் என்னும் ஊரின் வழக்கறிஞர் வில்லியம் தாம்சன், 1856 இல் காமிராவைப் பெட்டியிலிட்டுக் கடலில் இறக்கி எடுத்த படமே நீருக்குள் எடுக்கப்பட்ட முதற்படம் எனப்படுகிறது. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தும் மங்கலான உருவம் பதிந்திருந்தது. பிரெஞ்சு நாட்டு உயிரியலார் லூயி பூத்தான் 1893 முதல் பான்யூல் கடற்கரையில் முயன்றார். ஒரு படத்திற்கு அரைமணி நேரம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஒளி போதாமை கண்டு அவர் மக்னீசிய விளக்கை நீருக்குள் கொண்டுசென்றார். அமெரிக்காவின் டிரை டார்ட்டுகாஸ் தீவுகளருகே லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர், மிதவையின் மேல் மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்து 1926 இல் எடுத்த மீன் படங்களே நீருக்குள் எடுத்த முதல் வண்ணப் படங்கள். அவை 1927 இல் வெளியாயின. குஸ்தோவின் குழுவோடு இணைந்து ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்னொளி விளக்குகளை ஆழ்கடலுக்கு இறக்கினார். உறையின்றியே நீரில் இறங்கும் கலிப்ஸோ காமிராவை ஜான் தெ வூட்டர்ஸ் அமைத்தார். 1963 முதல் அது நிக்கோனோஸ் என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று.

இவ்வறிஞர்கள் அனுபவத்தால் கண்ட வழிகள் மூன்று. பொருளை நெருங்கு, இடையிலுள்ள நீரைக் குறை. விளக்கை லென்ஸின் அருகே வையாமல் பக்கவாட்டில் தள்ளி வை; துகள்கள் ஒளிரா. லென்ஸின் முன் தட்டையான கண்ணாடிக்குப் பதிலாகக் குவிந்த கண்ணாடியை வை. வளைந்த ஒளி நேர்படும். இன்றும் இவற்றுக்கு மாற்றில்லை. எடுக்கும்போது இழந்ததை எடுத்தபின் முழுதும் மீட்க இயலாது.

கழித்தலும் பெருக்கலும்

கணிப்பொறி வந்தபின் படம் எண்களின் தொகுதியாயிற்று. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். அவ்வெண்களை மாற்றினால் படமும் மாறும். மங்கிய படத்தில் எண்களை விரித்துப் பரப்பி வெளிச்சமும் நிழலும் வேறுபடச் செய்வது ஒரு முறை. படம் முழுவதற்கும் சராசரி நிறம் சாம்பலாக இருக்கவேண்டும் என்று கொண்டு, குறைந்த நிறத்தைப் பெருக்குவது மற்றொரு முறை. நம் மாணவரின் கைப்பேசிச் செயலி செய்ததும் ஏறத்தாழ இதுவாகவே இருக்கவேண்டும். இம்முறைக்கு நீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிவப்பே வந்து சேராத இடத்தில் சிவப்பைப் பத்து மடங்காகப் பெருக்கினால், பெருகுவது சிவப்பன்று. காமிராவின் குறையும் திரையின் மாசுமே. அருகிலுள்ள பொருளுக்கும் தொலைவிலுள்ள பொருளுக்கும் ஒரே பெருக்கல் என்பதும் தவறு.

நீரின் செயலைக் கணக்காக்கும் முயற்சி வேறு திசையில் நடந்தது. 1980 அளவில் மக்லாமரியும், 1990 இல் ஜூல்ஸ் ஜாஃபியும், காமிராவை அடையும் ஒளியைப் பங்கு பிரித்தனர்: பொருளிலிருந்து நேரே வந்தது, வழியில் சற்றே சிதறி மங்கலாக்குவது, பொருளைத் தொடாமலே திரையாக வந்தது. 2004 இல் ஷெக்னர், கார்பெல் இருவரும் ஒளியின் அதிர்வுத் திசையை வடிகட்டும் கண்ணாடியைச் சுழற்றி, ஒரே காட்சியை இருமுறை எடுத்து, வேறுபாட்டிலிருந்து திரையை அளந்து நீக்கினர். ராமன் கப்பலில் நின்று மேற்பரப்பின் ஒளியை விலக்கியதும் இதே தத்துவத்தால்தான்.

துருக்கியில் பயின்று கடலியல் துறை புகுந்த தெர்யா அக்காய்னாக் என்னும் பெண்மணியும் தாலி ட்ரைபிட்ஸ் என்பவரும் 2019 இல் வெளியிட்ட 'சீ-த்ரூ' என்னும் முறை இவ்வழியில் ஒரு பெரிய அடியாகும். நேரே வரும் ஒளி தேய்வதும், திரை ஒளி வளர்வதும் ஒரே எண்ணால் அளக்கப்படுவன அல்ல என்று அவர்கள் முன்னரே காட்டியிருந்தனர். ஒரே இடத்தைப் பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் கண்டு, முதலில் அத்தொலைவிற்குரிய திரையைக் கழித்து, பிறகு இழந்த நிறத்தை அத்தொலைவிற்கேற்பப் பெருக்கினர். முதலில் கழித்தல், பின்னர் பெருக்கல். வரிசை மாறினால் திரையும் சேர்ந்து பெருகிவிடும்.

அழகும் உண்மையும்

இப்போது கணிப்பொறிக்கே ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கும் முறை பரவியிருக்கிறது. விரைவானது, வியக்கத்தக்கது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவ்வாறு பழக்குவதற்கென 2019-20 இல் தொகுக்கப்பட்டுப் பெரிதும் வழங்கும் தொகுதி ஒன்றில் 950 படங்கள் உள்ளன. அவற்றில் 890 படங்களுக்கு 'சரியான' படமும் இணைத்துள்ளனர். அச்சரியான படம் எவ்வாறு கிடைத்தது? பன்னிரண்டு முறைகளால் மெருகேற்றிய படங்களை மக்களுக்குக் காட்டி, அவர்கள் விரும்பித் தேர்ந்ததையே சரியெனக் கொண்டனர். கடலடியில் நீரில்லாமல் படமெடுக்க வழியில்லையாதலால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் கண்ணுக்கு இனியது வேறு, உள்ளபடி உள்ளது வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒரு செய்தியின் வாசகம் அழகாயிருப்பதால் மட்டும் அதை ஏற்பதில்லை. அது வந்த வழி, அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றல், வாய்மை ஆகியவற்றை ஆராய்கிறோம். நீருக்குள் எடுத்த படத்திற்கும் ஓர் அறிவிப்பாளர் வரிசையுண்டு: சூரியன், நீரின் மேற்பரப்பு, ஆழம், பொருள், இடைநீர், கண்ணாடி, லென்ஸ். நடுவிலுள்ள நீர் எதை மறைக்கும், எதைச் சேர்க்கும் என்று அறிந்தே அதன் சொல்லை எடைபோடவேண்டும். பலவீனமான செய்தியை நம் முன்னோர் மெருகேற்றி எழுதவில்லை. பலவீனமானது என்று குறித்து, மூல வாசகத்தையும் காத்து வைத்தனர். படத்திலும் அவ்வாறே மூலத்தை அழியாமல் காத்து, செய்த திருத்தங்களை அருகே குறித்து வைத்தலே நேர்மையாகும்.

மன்னார் வளைகுடாவில்

இது வெறும் நுட்பச் சர்ச்சையன்று. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 இல் தேசியப் பூங்காவாகவும், வளைகுடாப் பகுதி 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்பிற்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்த கொடுமையும் கடலரிப்பும் சேர்ந்து அவற்றுள் இரண்டு தீவுகளை நீரில் ஆழ்த்திவிட்டன. எஞ்சிய பவளங்களைக் கடலின் வெப்பம் வாட்டுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அவை பெருமளவில் வெளுத்தன.

பவளத்தினுள் வாழும் நுண்பாசியே அதற்கு உணவும் நிறமும் தருவது. வெப்பம் மிகுந்தால் அப்பாசி நீங்கிப் பவளம் வெளுக்கிறது. வெளுத்த பவளம் இறந்த பவளமன்று. வெப்பம் விரைவில் தணிந்தால் மீண்டும் நிறம் பெறும். தணியாவிடின் மடிந்து, அதன் எலும்பின்மேல் வேறு பாசி படர்ந்து மீண்டும் பழுப்பாகத் தோன்றும். ஆகவே நிறமே அங்கு உயிரின் அடையாளம். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளாக இத்தீவுகளைச் சுற்றி மூழ்கி ஆய்ந்து வருகின்றனர். இவ்வாண்டு எடுத்த படத்தைப் பத்தாண்டுக்கு முந்திய படத்தோடு ஒப்பிடும்போது, மாறியது பவளத்தின் நிறமா, அன்று கலங்கியிருந்த நீரின் நிறமா என்று தெளியவேண்டும். அழகுக்காக நிறமேற்றிய படம், பாசி மூடிய பிணத்தை உயிருள்ள பவளமாகக் காட்டிவிடக்கூடும். முத்துக் குளித்தவர் கண்ட கடலை நாம் இழந்தோம், பதிவில்லாமையால் இழந்தோம். பொய்ப் பதிவால் எஞ்சியதையும் இழக்கலாமா?

கிணற்றுக்குத் திரும்புவோம்

இவ்வளவும் அறிந்தபின் நாமும் அந்தப் பிள்ளையும் ஒரு காலைப்பொழுதில் கிணற்றடிக்குச் சென்றோம். இரவு முழுவதும் மோட்டாரை ஓட்டாமல் கலங்கலைத் தெளியவிட்டிருந்தார்கள். நீண்ட மூங்கில் ஒன்றில் கைப்பேசியைக் கட்டினோம். நீர் புகாத டார்ச் விளக்கை அதனருகே கட்டாமல், குறுக்குக் கம்பு ஒன்றின் நுனியில் ஒரு முழம் தள்ளிக் கட்டினோம். மூங்கிலின் அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் தட்டொன்றைப் பிணைத்து, அது ஃபுட்வால்வின் பக்கத்தில் நிற்குமாறு இறக்கினோம். கைப்பேசி அதற்கு இரண்டடி தூரத்தில் நின்றது.

மேலே வந்ததும் பிள்ளை படத்தைத் திறந்தார். தட்டு வெள்ளை என்பது நமக்குத் தெரியும். படத்திலோ அது வெளிர்பச்சை. தட்டு வெள்ளையாகும் அளவிற்கு மட்டும், அதற்கு மேல் ஒரு நூலிழையும் கூட்டாமல், நிறத்தைத் திருத்தினார். அப்போது இரண்டும் தனித்தனியே தெரிந்தன. வால்வின் சல்லடையைப் பச்சைப் பாசி மூடியிருந்தது. அதற்குமேல் குழாய் சேருமிடத்தில் நாலு விரல் அகலத்திற்குச் செந்துருவும், அதன் நடுவே மெல்லிய கீறலும் இருந்தன. முதற்படம் துருவை மறைத்திருந்தது. இரண்டாம் படம் பாசியையும் துருவாக்கியிருந்தது. குழாயைத் தூக்கிப் பார்த்தபோது மூன்றாம் படம் சொன்னபடியே இருந்தது.

அவருடைய தந்தையார், "ஹஜ்ரத், தட்டு ஒண்ணு வச்சதுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். ஆம், தெரிந்த உண்மை ஒன்றை அருகே வைத்துக்கொண்டுதான் தெரியாததை அளக்கவேண்டும்.

இப்னுல் ஹைத்தமின் நூல் இலத்தீன் வழியே 1572 இல் பாஸல் நகரில் அச்சேறி ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பாடநூலாயிற்று. அதன் அரபி மூலத்தின் முதல் மூன்று பாகங்கள் பேராசிரியர் அப்துல் ஹமீது ஸப்ராவின் பதிப்பாகக் குவைத்தில் 1983 இல்தான் வெளிவந்தன. அரபி படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனர். அவர்கள் கையில் இந்நூலையும், அவர்கள் இல்லத்தில் ஒரு பாத்திரம் தண்ணீரையும் ஒரு நாணயத்தையும் வைப்பது பெற்றோர்க்கும் நம் போன்ற ஆசிரியர்க்கும் அரிய செயலன்று. நாம் இப்போது வாரத்தில் ஒரு நாள், இலக்கணப் பாடம் முடிந்தபின், மனாழிரின் சில பக்கங்களை ஓதிக்கொடுத்து வருகிறோம். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைதான் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.